எஸ்தரின் கைக்கு அளவெடுத்த கதை

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. மகள் ஜெனி வரவழைத்தது. அவள் வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் பக்கவாட்டில் எண்கள் கிடையாதாம். அதற்காகத் தனியே ஒரு நம்பர் பேட். பார்க்கக் கால்குலேட்டர் மாதிரி இருக்கும், ஆனால் விடை சொல்லாது. நீங்கள் அடித்ததைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் அதற்கு எலி மாதிரி ஒரு வாலும் இருந்தது. இப்போது வருவதற்கு வாலும் இல்லை.

ஜெனி பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை முன்னறை முழுக்கப் பரவியது.

"அப்பா, இது கொள்ளாமோ?"

"எனக்கென்ன தெரியும்? அம்மைக்கிட்ட கேளு."

எஸ்தர் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மூன்று விரல்களை அதன்மேல் வைத்தாள். நடுவிரல் நேராகப் போய் ஐந்தின்மேல் உட்கார்ந்தது. ஐந்தில் ஒரு சின்ன மேடு உண்டு, பார்க்காமலே கண்டுபிடிப்பதற்காக. "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் என் நெஞ்சுக்குள் பழைய ஆள் ஒருவன் எழுந்து சோம்பல் முறித்தான். பொறாமைதான், வேறு யார். அவன் எப்போதோ செத்துப் போய்விட்டான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது பிளாஸ்டிக் வாசனை உங்களுக்கு எதை நினைவூட்டுமோ தெரியாது. எனக்குச் செருப்பைத்தான். திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு செருப்புக் கடையில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. ரப்பரும் பசையும் அட்டையும் சேர்ந்த ஒரு வாசனை அங்கே எப்போதும் இருக்கும். சட்டையைத் துவைத்தாலும் போகாது. கல்யாணமான புதிதில் எஸ்தர், "உங்க பக்கத்துல படுத்தா புதுச் செருப்புப் பெட்டிக்குள்ள கெடக்க மாதிரி இருக்கு" என்பாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பழைய செருப்பு என்று சொல்லவில்லையே.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு வரை. அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழில். திருவனந்தபுரம் வந்தபிறகு மலையாளத்தை பஸ் பலகைகளிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும். செருப்புக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. போதாததற்குக் கூச்சம். கூச்சமுள்ள ஒருவனுக்குச் செருப்புக் கடையைப் போல ஏற்ற இடம் வேறு கிடையாது. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குனிந்து பாதத்தைப் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட நான் முதலில் காலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

கடைக்கு நேரில் வரமுடியாதவர்களின் அளவு வேறு வழிகளில் வந்து சேரும். நூலில் வரும். ஈர்க்குச்சியில் வரும். பெரும்பாலும் காகிதத்தில் வரும்: காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாதத்தை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவருவார்கள். நாங்கள் அந்தத் தாளைச் செருப்பின்மேல் வைத்துப் பார்த்து எடுத்துக்கொடுப்போம். போனக்காடு எஸ்டேட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவார். மருமகளின் காலை வரைந்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையிறங்கி வருவார். "அண்ணாச்சி, இது வலது காலா எடது காலா?" என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் அதே மருமவளுக்குத்தான்யா" என்றார் கோபமாக.

வராதவர்களின் கால்களைக் காகிதத்தில் பார்த்துப் பார்த்து எனக்கொரு எண்ணம் உண்டாகியிருந்தது. ஒரு ஆளைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டால் அந்த ஆளுக்கு வேண்டியதை வாங்கிவிடலாம் என்ற எண்ணம். இது எவ்வளவு பெரிய தப்பு என்பதை எஸ்தர் விஷயத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எஸ்தர் பத்தாவது பாஸ். டைப்ரைட்டிங்கும் படித்தவள். எங்கள் கல்யாணப் பேச்சின்போது அவளுடைய அப்பா, "மாப்பிள்ளைக்குப் படிப்பு கொறவுதான். ஆனா பேச்சும் கொறவு" என்று திருப்தியாகச் சொன்னாராம். கரமனையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். ஜெனி பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எஸ்தர் தம்பானூரில் ஒரு வேலை தேடிக்கொண்டாள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மூலைக்கு மூலை கம்ப்யூட்டர் என்று போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு லாட்ஜின் மேல்மாடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எண்களை அடிக்கும் ஒரு நிலையம் அது. எங்கோ வடக்கே பிள்ளைகள் எழுதிய பரீட்சைகளின் மார்க்குகள் கட்டுக்கட்டாகத் தாளில் வரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

அவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தொடங்கிவிடும் கதை.

"கேட்டியளா, இன்னைக்கு ஒரு பய, எல்லாப் பாடத்துலயும் முப்பத்தஞ்சு. ஒண்ணு கூடயும் இல்ல, கொறவும் இல்ல. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஆனா பாவம், கடைசியில பாத்தா கணக்குல மட்டும் முப்பத்து நாலு. எனக்க வெரலு அஞ்சுக்க மேலயே நின்னுச்சு. ஒத்த நம்பர மாத்தி அடிச்சா அவன் பாஸ்."

"மாத்தி அடிச்சியா?"

"சஜன் சார் கொன்னுருவாரு."

இப்படித்தான் அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. சஜன் சார் அங்கே சூப்பர்வைசர். முதலில் வாரத்துக்கு ஒருமுறை பேச்சில் வந்தார். பிறகு தினமும் சாயாவோடு வந்தார். சஜன் சார் சொன்ன தமாஷ், சஜன் சார் கொண்டுவந்த பலாச்சக்கை வறுவல், சஜன் சார் மின்சாரம் போனபோது பாடிய பாட்டு. நான் மெதுவாக, ஜெனியின் பள்ளிக்கூடப் பையைத் துடைப்பதுபோல ஒரு பாவனையில் கேட்டேன்.

"அந்த சாருக்குக் கல்யாணம் ஆயிட்டோ?"

"இல்ல. பெண்ணு பாக்குதாவ."

அந்தப் பையை இன்னொரு முறை அழுத்தித் துடைத்தேன்.

பிறகு வந்தது நம்பர் பேட். எஸ்தருடைய கீபோர்டில் எண்கள் இருக்கும் பக்கம் தேய்ந்து, சில கட்டைகள் அமுக்கினால் எழும்பாமல் கிடந்தன. சஜன் சார் தன்னுடைய மேஜையிலிருந்து ஒரு தனி நம்பர் பேடைக் கொண்டுவந்து அவளுடைய கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தாராம். "சேச்சீடெ கை ஓடுந்ந கை. அதினு நல்ல சாதனம் வேணம்" என்றாராம். எஸ்தர் இதை மலையாளத்திலேயே, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். கடைசியில், "அங்க எனக்கு மட்டும்தான் தனியா இருக்கு" என்றாள்.

எனக்கு மட்டும். இந்த இரண்டு சொற்களையும் மறுநாள் கடையில் ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் கேட்டேன். ஓடுகிற கையாம், அதற்கு நல்ல சாமான் வேண்டுமாம். அந்தக் கையைப் பிடித்து நானல்லவா சர்ச்சில் மோதிரம் போட்டேன். அது ஓடும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

உண்மையிலேயே அந்தக் கை மாறிக்கொண்டிருந்தது. சர்ச்சில் போதகர் ஐயர் பாட்டின் எண்ணைச் சொன்னால் அவளுடைய வலதுகை விரல்கள் மடியில் அந்த எண்ணைத் தட்டும். ரோட்டில் போகிற லாரியின் நம்பரைக் கம்பிவேலியில் தட்டும். ஒருமுறை பொன்முடி மலைக்குப் போனோம். ஜெனி என் மடியில் தூங்கிவிட்டாள். வளைவுகளில் பஸ் சாய்ந்தபோது எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய விரல்கள் என் நரம்பின்மேல் எதையோ தட்ட ஆரம்பித்தன. பள்ளத்தாக்கில் மூடுபனி, பக்கத்தில் மனைவி, அவள் கைக்குள் என் கை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அது யாருடைய நம்பர் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் நிலையத்தில் ஒரு ஏற்பாடு வந்தது. இடம் போதவில்லை என்பதால், விருப்பமுள்ளவர்களுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்து வீட்டிலேயே வேலை செய்ய விடுவது. தாள்கட்டுகளைக் காலையில் கொண்டுவந்து தருவார்கள், சாயங்காலம் வாங்கிக்கொள்வார்கள். எனக்குத் திருப்பலி மணி கேட்டமாதிரி இருந்தது என்று எழுத ஆசை, ஆனால் நாங்கள் அந்தக் கத்தோலிக்க சபை இல்லை. எனக்கு அந்தக் காலத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எஸ்தர் வீட்டில் இருக்க வேண்டும். சஜன் சார் அங்கே இருக்க வேண்டும். நடுவில் கரமனை ஆறு ஓட வேண்டும்.

"நீயும் எடுக்கலாம்லா? பிள்ளையையும் பாத்துக்கலாம்" என்றேன்.

"எடுக்கலாம். ஆனா அவங்க குடுக்கது கழிச்சுப் போட்ட கீபோர்டு. நம்பர் ஒண்ணும் ஒழுங்கா விழாது. அதுல எவ கெடந்து பாடுபடுவா? வேண்டாம்."

நான் செருப்புக் கடைக்காரன். வாங்க மனமில்லாதவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா? "வார் கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்பார்கள். "இதே மாதிரி தவிட்டு நிறம் இருந்தா எடுத்திருப்பேன்" என்பார்கள். தவிட்டு நிறத்தைக் கொண்டுவந்து வைத்தால் குதிகால் சரியில்லை என்பார்கள். தினமும் இதைக் கேட்டு, சிரித்து, பெட்டிகளை மூடி அடுக்குகிறவன் நான். ஆனாலும் எஸ்தர் சொன்னதை அப்படியே நம்பினேன். கீபோர்டுதான் குறை என்றால் அதைத் தீர்த்துவிடலாம். சஜன் சார் கொடுத்ததைவிட நல்லதாக ஒரு நம்பர் பேட் வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் அவள் வீட்டோடு வந்துவிடுவாள். என் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மீன்குழம்பும் சோறும் முடிந்து, எஸ்தர் பாயில் படுத்துக் கண்ணயர்ந்தாள். வலதுகை தரையில் விரிந்து கிடந்தது. நான் ஒரு செருப்புப் பெட்டியின் மூடியை மெதுவாக அதன் அடியில் நுழைத்தேன். பேனாவால் கட்டைவிரலிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது விரலைத் தாண்டும்போது அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்ன செய்யுதிய?"

"எறும்பு. தட்டிவிட்டேன்."

"நல்லாத் தட்டுங்க" என்று சொல்லி மறுபடி தூங்கிவிட்டாள். சுண்டுவிரலைச் சுற்றி வரும்போது எனக்கு வியர்த்துவிட்டது. அவ்வளவு நாள் சேர்ந்து வாழ்ந்தும் அந்தக் கையை நான் அத்தனை நிதானமாகப் பார்த்ததில்லை. கட்டைவிரல் குட்டை. மோதிர விரல் நடுவிரலை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பானூரில், அவளுடைய நிலையத்திலிருந்து தள்ளி, கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. உள்ளே ஏசி. அங்கே வேலை செய்கிறவர்கள் டை கட்டியிருந்தார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். வேறு யாரும் கழற்றவில்லை என்பதை உள்ளே போனபிறகுதான் பார்த்தேன்.

"எந்தா வேண்டே சேட்டா?" என்றான் டை கட்டிய பையன்.

"நம்பர்... நம்பர் மாத்திரம் உள்ளது."

"நம்பர் பேட். யூ.எஸ்.பி. மதியோ?"

"மதி, மதி" என்றேன். போதும் என்று சொல்லிவிட்டேனே தவிர, யூ.எஸ்.பி. என்பது நிறமா சைஸா என்று எனக்குத் தெரியாது.

அவன் நாலைந்து பெட்டிகளைக் கொண்டுவந்து கண்ணாடி மேஜையில் வைத்தான். ஒன்றைத் திறந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. டெலிபோன் பூத்தில் ஒன்று மேலே இருக்கும், ஒன்பது கீழே இருக்கும். இதில் ஏழு, எட்டு, ஒன்பது மேலே உட்கார்ந்திருந்தன. "மோனே, இது தலைகீழா அடிச்சு வந்திருக்கே. நல்லதா ஒண்ணு எடு" என்றேன். ஏமாற ஒப்புக்கொள்ளாத ஒருவனின் குரலில் சொன்னேன்.

"எல்லாம் அங்ஙனெத்தன்னெயா சேட்டா."

எல்லாமே அப்படித்தானாம். அடுத்து வேறு வழியில்லாமல் பைக்குள்ளிருந்து பெட்டி மூடியை எடுத்தேன். ஒவ்வொரு நம்பர் பேடின்மேலும் எஸ்தரின் கையை வைத்துப் பார்த்தேன். பையன் மேஜைமேல் குனிந்து பார்த்தான்.

"இது எந்தா?"

"எனக்க பெண்டாட்டிக்க கை."

அவன் உள்ளே திரும்பி உரக்கக் கூப்பிட்டான். "எடா, இங்ஙோட்டு வா! ஒரு சேட்டன் கைக்குச் செருப்பு வாங்ஙான் வந்நிரிக்குந்நு!"

மூன்று டைகள் வந்து நின்றன. சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமுடியாது. அவர்களில் மூத்தவன், "சேட்டா, இதினு சைஸ் இல்லா. லோகத்தில் எல்லாருக்கும் ஒற்ற சைஸ்" என்று விளக்கினான். எனக்கு அது பெரிய அதிர்ச்சி. குழந்தைக்கும் பயில்வானுக்கும் ஒரே அளவில் ஒன்றைச் செய்து, கைதான் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்று எவனோ முடிவு செய்திருக்கிறான். செருப்பில் இதைச் செய்தால் கடையை உடைத்துவிடுவார்கள்.

அளவு போய்விட்டதென்றால் பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் அமுங்கின. ஒலியைக் கேட்டேன். ஒன்று டக் என்றது, ஒன்று டொக் என்றது. கடைசியில், அவர்கள் வேறு ஆளைக் கவனிக்கப் போன சமயத்தில், ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றில் மட்டும் அச்சு அசலாக எங்கள் கடை வாசனை. என் சட்டையின் வாசனை. எஸ்தர் அதைத் தொடும்போதெல்லாம் என் நினைப்பு வரட்டும், சஜன் சார் பக்கத்தில் வந்தால் அவருக்கும் அடிக்கட்டும். "இது மதி" என்றேன்.

அன்று சாயங்காலம் அதை அவள் முன்னால் வைத்தேன். எஸ்தர் பெட்டியைத் திறந்து, பார்த்து, என் முகத்தைப் பார்த்து, மறுபடி பெட்டியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"தனியாப் போயி வாங்கினியளா? நீங்களா? அந்தக் கடையில பேசினியளா?"

"பின்ன, சும்மா தருவானா?"

"சாரோடத விடக் கொள்ளாம்" என்றாள் தட்டிப் பார்த்து. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் ஐந்து கடைகள் ஏறியிருப்பேன்.

மறுநாள் காலையில் நான் ஜெனிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது எஸ்தர் வேலைக்குக் கிளம்பினாள். சோற்றுப் பாத்திரத்துக்கு மேலே, ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றி, நம்பர் பேடைப் பைக்குள் வைத்தாள்.

"அது எங்க போவுது?"

"ஆபீசுக்குத்தான். சாரோடத இன்னைக்கே திருப்பிக் குடுத்துரணும். அடுத்தவங்க சாமான எத்தன நாள் வச்சிருக்க?"

"வீட்டுல வச்சு வேலை செய்யலாம்னு..."

"வீட்டுலயா? நான் எப்பம் அப்படிச் சொன்னேன்?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பின்னலைப் பிடித்தபடி நின்ற என்னிடம் ஜெனி, "அப்பா, வலிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு நான் வாங்கிக்கொடுத்த சாமானைப் பார்த்து நானே பொறாமைப்பட வேண்டியதாயிற்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை அது அவளுடைய கைக்கடியில் இருந்தது. நான் கண்டவர்கள் காலடியில் இருந்தேன். சஜன் சார் வேறு அதைப் பார்த்துவிட்டு, "சேட்டன்டெ செலக்ஷன் அடிபொளி" என்று சொல்லியனுப்பினார். எதிரி பாராட்டுவதைப் போல ஒரு கஷ்டம் உண்டா?

ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. எஸ்தர் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் அரை மணிநேரம் பெர்மிஷன் கேட்டுக்கொண்டு, என்னிடமிருந்த ஒற்றைக் குடையோடு தம்பானூர் போனேன். குடை ஒரு சாக்கு என்பது உங்களுக்குத் தெரியும். லாட்ஜின் குறுகிய படிகளில் ஏறி, மேல்மாடியில் பாதி திறந்திருந்த கதவருகே நின்றேன்.

வரிசையின் நடுவில் எஸ்தர். இடதுகை தாளைத் தள்ளிக்கொண்டே போனது. வலதுகையை நான் பார்க்கமுடியவில்லை, அவ்வளவு வேகம். ஆனால் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. பக்கத்துப் பெண்ணிடம் மலையாளத்தில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வரிசையே சிரித்துக் குலுங்கியது. "சாறே, இந்நலெத்தெ சாயா எவிடே? பந்தயத்தில் தோற்றிட்டு ஒளிச்சிரிக்கயாணோ?" என்று, நேற்றைய பந்தயச் சாயாவுக்காக, எங்கோ பார்த்துச் சத்தம்போட்டாள். எங்கள் வீட்டில் அவள் அந்த அளவுக்குக் குரலை உயர்த்தியதே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த எஸ்தரை எனக்கு யாரும் அறிமுகம் செய்து வைத்ததில்லை.

அப்போதுதான் சஜன் சார் என் பக்கத்தில் வந்தார். முதலில் கால்களைப் பார்த்தேன். நல்ல தோல் செருப்பு, எங்கள் கடையில் வாங்கியதல்ல. பிறகு முகம். நான் கற்பனை செய்ததைவிட அழகாக இருந்தார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மரியாதையாகவும் இருந்தார்.

"எஸ்தர் சேச்சீடெ ஆளல்லே? வரூ, இரிக்கூ. சேச்சியெ விளிக்கட்டே?"

"வேண்டா சார். ஜோலி நடக்கட்டே." குடையை அவர் கையில் கொடுத்தேன். "இது மாத்திரம்..."

அவரைப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் விசித்திரம். நான் பொறாமைப்பட்டது அந்த அறையைப் பார்த்து. அந்தச் சிரிப்பைப் பார்த்து. ஒரு கதவைத் தள்ளி உள்ளே போனால் இன்னொரு ஆளாக ஆகிவிட அவளுக்கு ஒரு இடம் இருந்தது. நான் கடையிலும் வீட்டிலும் ஒரே ஆள்தான், ஒரே அளவுதான். படியிறங்கி மழையில் நனைந்துகொண்டு சாலை பஜார் வரைக்கும் நடந்தேன்.

"ஒரு வார்த்தை கூப்பிடாம ஏன் போனிய?" என்று எஸ்தர் சாயங்காலம் வந்ததும் சண்டை பிடித்தாள். "எல்லாவளும் உங்களப் பாக்கணும்னு இருந்தாளுவ. கைக்கு அளவெடுத்த ஆளப் பாக்கணும்னு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எறும்பு பேனாவ வச்சுக்கிட்டா ஊரும்? எனக்க கையில ஒரு வாரம் நீல மை போகல."

இப்போது அந்த லாட்ஜ் இல்லை. இடித்துவிட்டு உயரமாக ஏதோ கட்டியிருக்கிறார்கள். மார்க்குகள் தாளில் வருவது நின்றபோதே அந்த நிலையம் நின்றுபோயிற்று. எங்கள் கடையையும் மூடியாகிவிட்டது. ஜனங்கள் போனிலேயே செருப்பு வாங்குகிறார்கள், சேரவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சஜன் சார் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனதாகக் கேள்வி. எஸ்தர் வீட்டில்தான் இருக்கிறாள். காலையிலும் இருக்கிறாள், மத்தியானமும் இருக்கிறாள். அந்தக் காலத்தில் நான் என்ன கேட்டேனோ அது முழுசாகக் கிடைத்துவிட்டது. ஜெனி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே யாரோடோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பாள். நாங்கள் இருவரும் சாயாவோடு உட்கார்ந்திருப்போம்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பேன்.

"வீட்டுல கெடக்கவளுக்கு என்ன விசேஷம்? நீங்கதான் சொல்லணும்."

எனக்குச் சொல்ல வராது. அந்தப் புது நம்பர் பேட் வந்த அன்றைக்கு, மனம் கேட்காமல், பேச்சு எங்கேயாவது ஓடட்டும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"உங்க சஜன் சார் இப்பம் எங்க இருக்காரோ?"

எஸ்தர் டம்ளரைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"எந்த சஜன் சார்?" என்றாள்.